சத்தம் பிரிக்கும் பெட்டி

மலேசியாவின் சிம்பாங் பூலாய் கோயில் ஆண்டுக் கூட்டம் நாற்காலி பறக்காமல் முடிந்தது இதுவே முதல் தடவை. தலைவர் அப்பாவு விலக வேண்டும் என்று ஏழு வருடமாகக் கத்திய கும்பலும் கைதட்டியது. எதிர்ப்பே இல்லாமல் அவரே மறுபடியும் தலைவர்.

ஒலிபெருக்கி தர்மேந்திரன், மைக் செட்டை ஓடவிட்டு, தெருவோர ஒட்டுக்கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்து ஒயரைச் சுருட்டும்போதுதான் பார்த்தான்.

கிராஸ்ஓவர் பெட்டி குரலை இரண்டாகப் பிரிக்கும். கனத்த ஓசை பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். வார்த்தையைப் புரியவைக்கும் கூர்மையான ஓசை சின்ன ஸ்பீக்கருக்குப் போகும். சின்னதற்கான ஒயரை அவன் மாட்டவே இல்லை. சனம் கேட்டதெல்லாம் வெறும் 'கும்' சத்தம்தான்.

"குமுதாக்கா, தலைவரு பேசினது புரிஞ்சுச்சா?" என்று எதிர்க்கும்பலில் வந்திருந்தவளைக் கேட்டான்.

"யாருக்குத் தெரியும்? அந்த ஆளத் தூக்கணும்னுதான் வந்தோம். பக்கத்துல எல்லாரும் கைதட்டினாங்க, நானும் தட்டினேன்லா."

மன்னிப்புக் கேட்க மேடைக்கு ஓடினான். அப்பாவு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்னால முடியல, விலகிக்கிறேன், வேற ஆளப் போடுங்கன்னு மூணு தடவ கெஞ்சினேன்லா. மூணு தடவையும் கைதட்டி என்னையே உக்கார வெச்சிட்டாங்க. இம்புட்டுப் பாசத்த விட்டுட்டு எப்படிப் போறது? இனி சாகுற வரைக்கும் நான்தான் தலைவரு!"

தர்மேந்திரன் கையிலிருந்த ஒயரைப் பைக்குள் தள்ளினான்.

"அடுத்த வருசமும் இதே ஸ்பீக்கரக் கொண்டா, தம்பி. ஒவ்வொரு வார்த்தையும் சனத்தோட மனசுல போய் விழுது!"