அதிகாரியின் கையில் இடுக்கி

எதிரிப் படை பிடித்துக்கொண்ட ஒரு நாட்டில் வார்ப்பட ஆலை ஒன்று இருந்தது. சுரங்கத்து இரும்பையெல்லாம் அந்தப் படை தன் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டது. ஆனாலும் பீரங்கிக் குழாய் மட்டும் குறையக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதனால் ஆலையை நடத்திய படை அதிகாரி ஆலையின் சாமான்களையே உருக்கத் தொடங்கினார். கடைசல் எந்திரம் போனது, பிறகு சம்மட்டியும் போனது. மூலையில் கிடந்த இரும்புப் பட்டறைக்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நாளைக்கு உங்க முறை," என்றது இடுக்கி. இரும்பு உருகும் கலமான மூசையை உலையிலிருந்து தூக்கி இறக்குவது அதன் வேலை. "என்னைத் தொட மாட்டாங்க. அதிகாரி என்னைக் கையிலேயே வச்சிருக்கார், பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்டா. சம்மட்டியையும் அப்படித்தான் வச்சிருந்தார்."

மறுநாள் அதிகாரி பட்டறைக்கல்லைக் காட்டி, "இதை உடைத்து மூசையில் போடு!" என்றார்.

"எதால உடைக்கிறது ஐயா? சம்மட்டியை உருக்கியாச்சே," என்றான் உலைக்காரன் மாசிலன்.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். உருக்க வேறெதுவும் அகப்படவில்லை. கையிலிருந்த இடுக்கியை மூசைக்குள் எறிந்தார்.

"ஐயா, நான் உங்க ஆளு!" என்று கத்திக்கொண்டே அது உருகியது.

இரும்பு தயார். மூசையைத் தூக்கத்தான் வழியில்லை. அதிகாரி தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசி, உடனே ஓர் இடுக்கி வேண்டும் என்றார்.

"தாராளமாகச் செய்து தருகிறோம். இரும்பை அனுப்புங்கள்."

அதிகாரி பட்டறைக்கல்லை ஏக்கத்தோடு பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் கனத்து உட்கார்ந்தது.