ஜப்பான் போகும் படத்தில் ஒரு பொட்டு

மனைவி பங்காரம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் கோவிந்தராஜுலு அந்தப் பொட்டுக்காகத்தான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சின்ன ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். டெல்லியிலிருந்து அன்று காலையில்தான் போன் வந்திருந்தது. அவர்கள் வீட்டு ஓவியத்தை ஜப்பானில் நடக்கும் நட்புறவுக் கண்காட்சிக்கு அரசாங்கமே இரவல் கேட்டது.

"நாட்டோட கவுரவம்ங்கறாங்க. நீ அதுல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சிருக்கறே. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"பொம்பளைப் புள்ள நெத்தி வெறுமையா இருந்துச்சு, ஒட்டிப்போட்டேன். பிய்க்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

ஓவியர் நரசிம்மலு இன்று உலகம் அறிந்த பெயர். ஒரு காலத்தில் கோவிந்தராஜுலுவின் அப்பா நடத்திய சிங்காநல்லூர் மில்லில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதைத்தான் வரைந்தார். ஷிப்ட் முடிந்து மில் கேட்டருகே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தலையெல்லாம் பஞ்சு. வேர்வையில் பொட்டு கரைந்துபோன நெற்றி. அந்த நெற்றியைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதன் நடுவில்தான் பங்காரம்மா ஒரு மெரூன் பொட்டை ஒட்டியிருந்தாள்.

படத்தை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஈரத்துணியால் துடைத்துவிட்டார் என்று ஒரு டிரைவரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவர் கோவிந்தராஜுலு. பெண்டாட்டியை அனுப்ப முடியுமா? அதனால் வருகிறவர் போகிறவர் முன்னாலெல்லாம், "எங்க ஊட்டம்மாளுக்கு ஓவியம்னா இவ்வளவுதானுங்க தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். பிய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயத்தில் பொட்டு அங்கேயே இருந்தது.

இப்போது ஷாநவாஸ் வந்திருந்தார். ஓவியங்களைப் பழுது பார்க்கிறவர். அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். படத்தை இறக்கி மேசையில் கிடத்தி லென்ஸ் வழியாகப் பார்த்தார்.

"சார், இது..."

"பொட்டுதானுங்க." கோவிந்தராஜுலு மேசை அருகே வந்தார். "என்ற சம்சாரம் ஒட்டுனது."

"எடுத்தாத்தான் அனுப்ப முடியும்."

"பெயின்ட்டும் கூட வந்துட்டா?"

"அப்ப அனுப்ப முடியாது சார்."

பெட்டி கட்டும் ஆட்கள் வேனோடு கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. கோவிந்தராஜுலு ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"நைனா, செத்த உட்காருங்க" என்றாள் மகள் ஹாரிகா. "நீங்க நடக்கறதைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது."

எப்படி உட்காருவார்? நரசிம்மலு சாகும்போது அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'இவளை உன்ற ஹாலுக்குள்ளயே பூட்டி வெச்சுப்போடாதே ராஜு. வெளியில நாலு பேர் பார்க்கட்டும்.' சரி என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். இது தவறினால் இன்னொரு தடவை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

டீ கொண்டுவந்த கருப்பாத்தாள் தட்டோடு அப்படியே நின்றாள். ரொம்ப வருஷமாக அந்த வீட்டு வேலை அவளுடையதுதான்.

"ஏனுங்கய்யா, அம்மா ஒட்டுனது. அப்படியே இருந்துட்டுப் போகட்டுங்களே."

"உங்கம்மாளுக்கு நீ சரியான ஜோடிதான். போய் வேலையப் பாரு."

ஷாநவாஸ் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பஞ்சில் மருந்தைத் தொட்டுப் பொட்டின் ஓரத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கோவிந்தராஜுலு கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துருச்சு சார்."

"பெயின்ட்டுங்களா?"

"பொட்டுதான். ஆனா அடியில ஓட்டை இருக்கு."

"என்னது?"

"கேன்வாஸ் துணி கிழிஞ்சிருக்கு. முன்பக்கமா ஏதோ குத்தியிருக்கு. அதை மறைக்கத்தான் பொட்டை ஒட்டியிருக்காங்க."

சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது. கோவிந்தராஜுலு உள்ளே போனார். கருப்பாத்தாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நாந்தானுங்கய்யா. தீவாளிக்கு ஒட்டடை அடிக்கறப்போ குச்சி குத்திப்போச்சு. டிரைவர் அண்ணனை அனுப்புன மாதிரி என்னையும் அனுப்பிப்போடுவீங்கன்னு அழுதேனுங்க. அம்மாதான் அவங்க நெத்திப் பொட்டையே எடுத்து ஒட்டிப்போட்டு, 'திட்டு வாங்கறது எனக்குப் பழக்கந்தான் அம்மணி, நீ வாயைத் தொறக்காதே'ன்னாங்க."

அவர் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"சின்னக் கிழிசல்தான் சார்" என்றார் ஷாநவாஸ். "சரி பண்ணி அனுப்பிடலாம். எப்படி ஆச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"நாந்தானுங்க" என்றார் கோவிந்தராஜுலு. "ஒட்டடை அடிக்கறப்போ."

"நீங்களா?" ஹாரிகா எழுந்துவிட்டாள். "நீங்க ஒட்டடைக் குச்சியத் தொட்டு நான் பார்த்ததே இல்லையே!"

"ஒரு நாள் தொட்டேன்."

"அப்ப அம்மா உங்களுக்காகத்தான் ஒட்டினாங்களா? உங்க தப்பை மறைச்சவங்களையா ஊர் முன்னாடி கேலி பண்ணிட்டிருந்தீங்க? ஆஸ்பத்திரியில வெச்சுக்கூடத் திட்டினீங்களே, நைனா!"

"ஆமாங் கண்ணு."

படம் இப்போது ஜப்பானில் இருக்கிறது. ஹாரிகா இன்னும் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கருப்பாத்தாள் அதே வீட்டில், அதே வேலையில் இருக்கிறாள்.