இருபது மார்க்

"தொண்ணூறு. கண்ணை மூடிண்டு போடலாம்" என்றார் சேஷாத்ரி.

"நானும் அதேதான் சார். கடைசி சீன்ல அழுதுட்டேன்" என்றார் மாரியப்பன்.

ஸ்ரீனிவாசராகவன் தொண்ணூற்றிரண்டு. மஹாதேவன் ஒரு படி மேலே போய்த் தொண்ணூற்றைந்து.

பவானிபூரில் அந்தத் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சி மட்டும் தமிழ்ப்படம். படம் விட்டதும் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று, மண் கோப்பையில் டீ குடித்தபடி மார்க் போடுவது இந்த லேக் கார்டன்ஸ் பேட்டைத் தமிழர் கோஷ்டியின் வழக்கம்.

அன்றைய படத்தில் ஓர் இளம் விதவைக்கு அவள் அப்பாவே மறுமணம் செய்து வைக்கிறார். கடைசியில் ஊரே திரண்டு வந்து வாழ்த்துகிறது.

"நீங்க எவ்வளவு சார்?"

ஐந்தாவது ஆளான வெங்கடசுப்ரமணியன் நிதானமாகச் சொன்னார்.

"இருபது."

மஹாதேவனுக்குச் சுரீர் என்றது. வெங்கடசுப்ரமணியனின் தங்கை விஜயா, கல்யாணமான பதினோராம் மாதமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, நாலு வருஷமாக அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

"வீட்டிலேயே அப்படி ஒரு பொண்ணை வெச்சுண்டு பேசற பேச்சா சார் இது? உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்திருக்கான்!"

வெங்கடசுப்ரமணியன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

"தங்கையைச் சம்பளமில்லாத சமையல்காரியா வெச்சிண்டிருக்கான், கல்நெஞ்சுக்காரன்" என்று வீட்டுக்கு வந்து மனைவி ஜலஜாவிடம் பொருமித் தீர்த்தார் மஹாதேவன்.

மூன்றாவது வாரம் வெங்கடசுப்ரமணியன் மனைவியோடு மஹாதேவன் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் குங்குமச்சிமிழ், கல்யாணப் பத்திரிகை.

"வர்ற ஞாயித்துக்கிழமை, காலம்பற ஒம்பதரைக்கு முகூர்த்தம். எங்காத்து மொட்டை மாடியிலேயே பந்தல். விஜயாவுக்குக் கல்யாணம் சார். பையன் கரக்பூர்லே ரயில்வே. எல்லாம் தெரிஞ்சு, இஷ்டப்பட்டுத்தான் பண்ணிக்கிறான்."

மஹாதேவன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அன்னிக்கு நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்..."

"அதை விடுங்கோ."

"அப்புறம் ஏன் சார் அந்தப் படத்துக்கு இருபது?"

வெங்கடசுப்ரமணியன் லேசாகச் சிரித்தார்.

"கல்யாணம் பண்ணி வெச்சதைக் குத்தம் சொல்லலே சார். ஊரே திரண்டு வந்து அட்சதை போடறதே, அதைத்தான் நம்ப முடியலே. எங்க பெரியண்ணா கும்பகோணத்திலேர்ந்து கார்டு போட்டுட்டார், உன்னைத் தலை முழுகியாச்சுன்னு. மாமா பதிலே போடலே."

"அவா கிடக்கா. நாங்க நாலு பேர் எதுக்கு இருக்கோம்? முன்னாடி வந்து நிப்போம் சார்!"

வெங்கடசுப்ரமணியன் பத்திரிகையை அவர் கையில் வைத்தார்.

"விஜயா தினம் கேக்கறா சார், யாராவது வருவாளா அண்ணான்னு. நீங்க சொன்னதை அவகிட்டே சொல்றேன்."

அவர்கள் போனதும் ஜலஜா பத்திரிகையை எடுத்துப் புரட்டினாள்.

"ஏன்னா, போகத்தான் போறேளா?"

"போகாம?"

"நம்ம தமயந்தி ஜாதகம் திருச்சிக்காரா கையிலே இருக்கு. பையனோட சித்தப்பா இங்கே சால்ட் லேக்லேதான் இருக்கார். நீங்க முன்னாடி போய் நின்னது அவர் காதிலே விழுந்தா?"

"விழட்டுமே."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வாரம் முழுக்க மஹாதேவனுக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். ஜலஜா வரவில்லை. வாசல்வரை வந்தவள், மகள் தமயந்தி இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

தெருமுனை திரும்பியதும் நாதஸ்வர இசைத்தட்டு கேட்டது. மொட்டை மாடியில் பந்தலின் வெள்ளைத்துணி தெரிந்தது. இன்னும் இருபது வீடுகூட இல்லை.

அவர் கால் நின்றுவிட்டது.

நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன? சேஷாத்ரி இருப்பார். அவர் ஒருத்தரே பத்துப் பேர் மாதிரி சத்தம் போடுவார். ஸ்ரீனிவாசராகவன் குடும்பத்தோடு வந்திருப்பார். மாரியப்பன் நிச்சயம் பந்தியிலே பரிமாறிக்கொண்டிருப்பார். அந்தக் கும்பலில் என்னை யார் தேடப் போகிறார்கள்? நாளைக்கு ஜுரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. யாராவது கூப்பிட வந்துவிட்டால்?

வந்த பஸ்ஸில் ஏறினார். பவானிபூரில் இறங்கினார். என்ன படம் என்றுகூடப் பார்க்காமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகு, தடவித் தடவிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

திரையில் யாரோ ஓடினார்கள், யாரோ சிரித்தார்கள். மஹாதேவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. இந்நேரம் தாலி கட்டியிருப்பார்கள். விஜயா தலையைத் தூக்கி யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்திருப்பாள். பரவாயில்லை, மற்ற மூன்று பேராவது இருக்கிறார்கள்.

இடைவேளை. பளிச்சென்று விளக்குகள் எரிந்தன.

முன்வரிசையில் எழுந்து சோம்பல் முறித்தவர் சேஷாத்ரி. நடுவில், மடியில் பரிசுப் பொட்டலத்தோடு, ஜரிகை அங்கவஸ்திரத்தில் ஸ்ரீனிவாசராகவன். கதவோரத்தில், யார் கண்ணிலும் படாமல் வெளியே நழுவப் பார்த்துக்கொண்டிருந்தார் மாரியப்பன்.