கலங்கிய ரேகை

தேயிலைத் தொழிற்சாலை ஜன்னல் வழியே மூடுபனி மெல்ல உள்ளே வருகிறது. திருடன் உடைத்த அலமாரியின் கண்ணாடியில் கலங்கிக் கிடக்கும் விரல்ரேகை மீது, ரேகை நிபுணர் தர்ஷினி விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறாள். "புனிதனோடதுதான். ஒத்துப் பாருங்க," என்று இன்ஸ்பெக்டர் முகுந்தன், இந்தத் திருட்டுச் சந்தேகத்தில் லாக்கப்பில் இருக்கும் புனிதனின் ரேகை அட்டையை நீட்டுகிறார். "மொதல்ல இத மட்டும் பாக்குறேன் சார். அட்டையப் பாத்துட்டா கண்ணு அதையேதான் தேடும்." அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைக்கிறாள். சாய்ந்த ஒளியில் கோடுகள் நீருக்கடியிலிருந்து வருவதுபோல ஒவ்வொன்றாக எழுந்து, வளைந்து, நடுவில் சுழியாகின்றன. அதை வரைந்து முடித்த பிறகே அட்டையைத் திருப்புகிறாள். பத்து விரல்களில் ஒன்றிலும் சுழி இல்லை. "இது அவரோடது இல்ல சார்." முகுந்தன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். பிறகு வாசலுக்குப் போகிறார். காலையிலிருந்து தூறலில் நிற்கும் புனிதனின் மனைவி திலகாவிடம், "உள்ள வந்து உக்காரும்மா," என்கிறார்.