கனமில்லாத கட்டை

கட்டை கையில் கனக்கவில்லை.

அவர் அதை மறுபடியும் தூக்கிப் பார்த்தார். தேரின் வலச்சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டை. புதிதாக அடித்த சிவப்பு வர்ணம் பளபளத்தது.

கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

வர்ணத்தின் அடியில் மரம் இல்லை. கறையான்கள் அவசரமில்லாமல் நகர்ந்தன.

மற்ற கட்டைகளும் அப்படித்தான்.

தலைமுறை தலைமுறையாக வலச்சக்கரம் மேலவீட்டுக்கு, அவர் குடும்பத்துக்கு. தேர் நிலைக்கு வந்ததும் முதல் பரிவட்டமும் அவர்களுக்கே. கட்டைகளைப் பட்டில் சுற்றிப் பூஜை அறையின் மண்தரையில் வைப்பார்கள். எண்ணெய் தொட்டதில்லை.

இடச்சக்கரத்து ஒண்டிப்புலியின் கட்டைகள் மாட்டுத் தொழுவில் தொங்கும். வேப்பெண்ணெய் நாறும். அது சாமிக்கு ஆகாது என்று ஊரறிய அவர் சொன்னதுண்டு.

வடம் பிடித்தவர்கள் காத்திருந்தார்கள்.

அடுத்தது சரிவு. சரிவின் கீழே ஜனம்.

துளையை உள்ளங்கையால் மூடினார். யாரும் பார்க்கவில்லை.

மகள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். கறையானுக்கு மரத்தைத் தின்னத்தான் தெரியும், தனியாகச் செரிக்க முடியாது என்று ஒருநாள் சொன்னாள். அதன் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்து செரித்துத் தரும். அவையும் பிறவியில் வருவதில்லை. கூட்டத்தில் இன்னொன்று ஊட்டிவிட வேண்டும்.

சோற்றுக்கு முன்னால் என்ன பேச்சு என்று அதட்டியிருந்தார்.

கட்டையைச் சக்கரத்தின் முன் வைத்தார். எல்லோரும் பார்க்க, ஓங்கி மிதித்தார்.

அப்பளமாய் நொறுங்கியது.

மேளம் நின்றது.

தேரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். மேலவீட்டுக்கே கட்டை இல்லையாம் என்று யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. ஒண்டிப்புலியின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

ஒண்டிப்புலி கட்டையை எடுத்தான். உடனே கொடுத்துவிடவில்லை.

“நாத்தம் அடிக்கும் அண்ணாச்சி. பரவால்லயா?”

“அடிக்கட்டும். குடு.”

கனத்தது.

சரிவில் தேர் உறுமிக்கொண்டு இறங்கியது. அவர் சக்கரத்தோடு சக்கரமாக நடந்தார். திருப்பத்தில் கட்டையைச் செருகினார். சக்கரம் ஏறி, முனகி, நின்றது. கட்டை அசையவில்லை.

தேர் நிலைக்கு வந்ததும் குருக்கள் பரிவட்டத்தோடு வந்தார். வழக்கம்போல் அவர் தலையை நோக்கிக் கைகள் உயர்ந்தன.

அவர் தலை குனியவில்லை.

வேப்பெண்ணெய்க் கையால் ஒண்டிப்புலியின் தோளைப் பற்றி, முன்னால் நிறுத்தினார்.