தூண்டில் தொடாத மாப்பிள்ளை

"தூண்டில் தொடாத பொடியனுக்கு என்ட மகளைக் குடுக்க ஏலா, நான் அப்பவே சொன்னன்..."

"அதுக்காகத்தான் குடுக்கப் போறன். முதல்ல அந்த வாளியை ஹோல்ல இருந்து எடுங்க, அவங்க வாற நேரம்..."

"நூல் நனையணும் றலியா, காஞ்ச நூலைச் சுத்தினா தளந்துபோய்ச் சிக்கு விழும்..."

"விழட்டும்."

திகனயில், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகும் பாதையோரத்து வீடு அது. மகள் ஜஹானாவைப் பெண் பார்க்க மடவளையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஹுதைபாவோ ஹோலின் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்து, வாளியில் ஊறிய புதுப் பின்னல் நூலை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துத் தூண்டில் ரீலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தத் துணி, சாப்பாட்டு மேசையில் விரிக்கவென்று அவர் மனைவி றலியா இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி வைத்திருந்தது.

"ஜஹானா பொறந்த அண்டைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அது பழைய கதை."

"டேமடியில சிக்கெடுத்துக்கிட்டு இருந்தீங்க. உம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டதுக்கு, இந்த ஒரு முடிச்சை அவுத்திட்டு வாறன் எண்டு சொல்லி அனுப்பின மனுசன்."

"அப்ப எனக்கு விளக்கம் இல்ல. ரீல்ல விளிம்பு வரைக்கும் நூலை நிரப்பிட்டன். இப்ப சிக்கு விழுறதே இல்லையே."

"இப்ப மட்டும் என்ன விளக்கம்? வீசின உடன ரீல்ல இரிக்கிற வளைஞ்ச கம்பியைக் கையால மூடுறீங்க. நூலை ஒரு இழுப்பு இழுக்கிறீங்க. பொறகு விரலால சுண்டி, காதைக் குடுத்துக் கேக்கிறீங்க. நூல் என்ன, ஒங்களுக்கு ஸலாம் சொல்லுதா?"

"சத்தம் வந்தா நூல் இறுகி இரிக்கி எண்டு அர்த்தம். யாரும் சொல்லித் தரல்ல. நானாக் கண்டுபிடிச்சது."

"தெரியுது. உலகத்துல வேற ஒரு மனுசனும் அப்பிடிச் செய்யமாட்டான்."

ஹுதைபா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பிடியும் இந்தப் பொடியன் வேணாம். ஞாயித்துக்கிழமையிலயும் மருந்துக்கடையே கதி எண்டு கிடக்கிறவனாம். அவனோட நான் என்னத்தைப் பேச?"

"நீங்க ஒண்டும் பேச வேணாம். என்ட புள்ள ஞாயித்துக்கிழமையில சோத்தை மூடி வச்சிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இரிக்காம இருந்தாப் போதும்."

புரோக்கர் இந்தப் பேச்சைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஹுதைபா வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தார். அவர் வேண்டாமென்ற ஒவ்வொரு தடவையும் றலியாவுக்கு மாப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது. யன்னல் சீலையின் நிறத்திலிருந்து அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான் முடிவாகியிருந்தன.

வந்தார்கள். வட்டிலப்பம் பரிமாறப்பட்டது. ஜஹானா வந்து, ஸலாம் சொல்லி, நிலத்தைப் பார்த்தபடி உள்ளே போனாள். பெரியவர்கள் ஹோலில் பேச்சில் இருக்க, மாப்பிள்ளை ரிஸ்மியை ஹுதைபா முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். றலியா சமையலறை யன்னலில் நின்று காது கொடுத்தார்.

"மகன், இது என்னெண்டு தெரியுமா?"

நீட்டிய தூண்டில் கம்பை ரிஸ்மி வாங்கினான். ரீல் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகப் பிடித்தான்.

"இதுல மீன் எங்க வந்து மாட்டும், மாமா?"

ஹுதைபா யன்னலடிக்கு வந்து முணுமுணுத்தார். "பாத்தியா? எந்தப் பக்கம் புடிக்கிறதெண்டும் தெரியா. நல்லா யோசி."

"யோசிச்சு முடிஞ்சு. போய் நாள் குறிக்கிற கதையைத் தொடங்குங்க."

மனம் குளிர்ந்துபோன றலியா தேநீர்த் தட்டோடு தானே முற்றத்துக்கு வந்தார். ஊரில் இப்படியும் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று இருந்தது அவருக்கு. கூடவே, கணவருடைய புது நூலை ஒருதரம் சிக்காக்கிப் பார்க்கும் ஆசையும் வந்தது.

"ஒருக்கா வீசித்தான் பாருங்களேன், மகன். சும்மா பகிடிக்கு."

"வேணாம்," என்றார் ஹுதைபா அவசரமாக.

அது போதுமாயிருந்தது. "நீங்க வீசுங்க மகன். அவர் அப்பிடித்தான்."

நூலின் நுனியில் ஈயக்குண்டு மட்டுமே கட்டியிருந்தது. ரிஸ்மி விறகுக்கட்டை எறிவதுபோலக் கம்பை வீசினான். குண்டு பலாமரத்தடிக்குக்கூடப் போகாமல் வாழைப்பாத்தியில் விழுந்தது. நூல் காற்றில் நெளிந்து, தளர்ந்து, முற்றமெல்லாம் படிந்தது.

"நல்லா வீசினீங்க," என்று றலியா சிரித்தார். "இனி அந்தப் பிடியைச் சுத்துங்க." சுற்றினால் தளர்ந்த நூல் அப்படியே உள்ளே போகும், அடுத்த வீச்சில் குருவிக்கூடுபோலச் சிக்காகும். அத்தனை வருஷத்துப் புலம்பலைக் கேட்டதில் அவருக்கும் அது தெரிந்திருந்தது.

ரிஸ்மியும் சிரித்தான். சிரித்த முகத்தை றலியாவிடமிருந்து திருப்பாமலே, இடக்கையால் ரீலின் வளைந்த கம்பியை மூடினான். நூலை ஒரு இழுப்பு இழுத்தான். விரலால் சுண்டினான். தலை தன்பாட்டில் நூலின் பக்கம் சாய்ந்தது.

ஹுதைபாவுக்கு இருமல் வந்தது.

றலியா தேநீர்த் தட்டை அரைமதிலில் மெதுவாக வைத்தார்.

"மகன், எங்கட இவர் ஒங்களை எத்தின வருஷமா டேமுக்குக் கூட்டிட்டுப் போறாரு?"