ரயிலைவிட பஸ் நல்லது

வாஞ்சூரைத் தாண்டி சுங்கச் சாவடியில் பஸ் நின்றதும் ஆரோக்கியசெல்வி மடியில் இருந்ததை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

மடியில் டிபன் கேரியர். அடித்தட்டில் புளிச்சோறு. சோற்றுக்கு அடியில், எண்ணெய்த்தாளில் சுற்றிய கைக்கடிகாரங்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆளும் காரைக்காலில் கடிகாரம் மலிவு. எல்லை தாண்டி இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கொள்ளை லாபம். மாட்டிக்கொண்டால் ஜெயில்.

அவள் நாகப்பட்டினத்தில் டீச்சர். காரைக்கால் பக்கம் தருமபுரத்து வீட்டிலிருந்து தினமும் இதே பஸ்தான். தினசரி போகிறவர்கள் கேரியரின் மேல்மூடியைத் திறந்து காட்டினால் போதும், சாவடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

புருஷன் மரியமுத்து இதையேதான் ஓதிக்கொண்டிருந்தான்.

"பேரளம் ரயில்ல மூட்டை முடிச்செல்லாம் அவுத்துப் பாக்குறான். பஸ்ல உன்னைய யாரு சந்தேகப்படப் போறா?"

மதராஸில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன். என்ன இருந்தாலும் டிராம் போல வராது, ஓடும்போதே குதித்துவிடலாம் என்று பெருமூச்சு வேறு. காரைக்காலுக்கு டிராம் விட யார் காத்திருக்கிறார்கள்?

மாட்டேன் என்றாள். அவன் பேச்சை நிறுத்தினான், சாப்பாட்டை நிறுத்தினான். சரி, ஒரே ஒரு தடவை என்றாள்.

காலையில் சோற்றை அவனே கட்டிக் கொடுத்தான். கல்யாணமான நாளாக அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். பிறகு, பல்வலிக்கு மாயவரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினான்.

எப்போதும் ஒரே ஒரு சாவடிக்காரர்தான் பஸ்ஸில் ஏறுவார். இன்று ஒரு கூட்டமே ஏறியது.

மூடியைத் திறந்தாள். கை நடுங்கியதில் அது கீழே விழுந்து உருண்டது.

யாரும் தலையை ஆட்டவில்லை.

"ஆரோக்கியசெல்வி டீச்சர் நீங்கதானே? கேரியரோட இறங்குங்க."

முகம் தெரியும், சரி. பேர் எப்படித் தெரிந்தது?

பஸ் முழுவதும் அவளையே பார்த்தது. மாதாவே, வேலை போயிற்று, மானம் போயிற்று. படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மேஜையில் தட்டுத் தட்டாகப் பிரித்தார்கள். சோற்றைக் காகிதத்தில் கொட்டிக் கிளறினார்கள். பொட்டலம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

யாரோ சிரித்தார்கள்.

பொட்டலம் நிறையக் கூழாங்கற்கள்.

அதிகாரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "காலையில எவனோ போன் பண்ணி உங்க பேரைச் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு, ரயில்ல சோதிக்கிற ஆளுங்களையும் இங்க வரவழைச்சுட்டோம். உங்களுக்கு ஆகாதவன் யாரும்மா?"

போன உயிர் திரும்பி வந்திருந்தது. காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது, போன் பண்ணியது யார் என்பது உட்பட. இன்று ரயிலில் சோதனை இல்லை. மரியமுத்து இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்பான், கடிகாரங்களோடு.

கல்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். அவள் பயந்தால்தான் இவர்கள் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

சாயங்காலம் அவன் இருக்கும் வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.